சென்ஸசாலே

இத்தாலி முழுக்கத் தேடினால் நான்கு பேர்.
ஐந்துக்குக் கீழே போய்விட்டால்
அட்டவணையில் எண் போடுவதில்லை,
ஒரு சிறு கோடு மட்டும்.
அந்தரங்கம் காப்பதற்காம்.
நான்கு உடம்புகள் ஒளிந்துகொள்ள
அரை அங்குலம் போதுமாயிருக்கிறது.

மோந்தெசார்தோ நகராட்சியில்
பிறப்பு இறப்புக் குமாஸ்தா நான்.
பத்தொன்பது வருடமாக அதே மூன்றாம் ஜன்னல்.
ரோஸ்ஸிகளை நான் எண்ணியதில்லை,
குழாய்த் தண்ணீரை யார் எண்ணுவார்?
இந்தப் பெயர்தான்
பல்லிடுக்கில் சிக்கிய அத்தி விதைபோல.
நாக்கு போய்ப் போய்த் தொடும்.

சென்ஸசாலே.
உப்பில்லாதவர்.

உப்பு வரிக்குத் தப்பி
மலைப்பாதையில் கழுதையோட்டிப் பிடிபட்டவனின்
பட்டப்பெயர் என்பார் பாதிரியார்.
அப்படியானால் அவனிடம் உப்பு இருந்திருக்குமே என்றால்
தோளைக் குலுக்கிக்கொள்வார்.
உப்புச் சப்பில்லாத பேச்சுக்காரனுக்கு
ஊர் வைத்த கேலி என்பார்கள் மதுக்கடையில்.
நான் நிலவறையில் கண்டது வேறு.
எலி கடித்த ஏடு, பழுப்பு மை:

பிப்ரவரி ஒன்பது. கோவில் வாசலில் ஆண் குழந்தை.
கம்பளித் துணி. இடது காலில் மட்டும் காலுறை.
உப்பில்லை.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை விட்டுப்போகிறவள்
பக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பு
முடிந்து வைப்பாளாம் அந்நாளில்.
உப்பில்லை என்றால்
நீர் தெளித்தாயிற்று என்று அர்த்தம்.
யாரோ ஒருத்தி
விடியுமுன் அவனை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.
அந்தப் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.
அடுத்த பக்கத்தில் வேறு கையெழுத்து.
என் வேலை பார்த்தவன்தான்,
மதிய மணி அடித்திருக்கும், பசித்திருக்கும்,
குறிப்பைக் குடும்பப் பெயராய் வாசித்து
பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டான்.

அந்த ஒற்றைக் காலுறையிலிருந்து
ஒரு காலத்தில் முப்பத்தெட்டுப் பேர்.
ஆறு பேர் போர்ச் சின்னத்துப் பளிங்கில்.
கப்பலேறி ரொஸாரியோ போனவர்களை
துறைமுகத்தில் எவனோ ஓரெழுத்து குறைத்து எழுத
அவர்கள் இப்போது வேறு வரிசை,
என் கணக்கில் வரமாட்டார்கள்.
மகள்கள் சாகும்வரை பெயரைச் சுமந்தார்கள்.
பிள்ளைகளுக்குக் கடத்த அனுமதியில்லை.
கழுதைகூட இதைவிடச் சுலபமாகக் கடத்தியிருக்கும்.

மிச்சம்:
சவோனாவில் ஆல்செஸ்தே, கிரேன் ஓட்டி ஓய்ந்தவர்.
பியெல்லாவில் லூச்சோ.
ஆஸ்தியில் எர்சிலியா (ரத்த அழுத்தம்;
மருந்துச் சீட்டில் பெயரைப் பார்த்து
மருத்துவரே சிரித்துவிட்டாராம்).
இந்த ஊரில் நிவெஸ்.
பனிக்காலத்தில் நகராட்சி லாரியில்
சாலைக்கு உப்புத் தூவுகிறவள்.
எல்லாரும் சொல்லிச் சலித்த பகடி அது,
நான் சொல்லவில்லை.

டிசம்பர் இருபத்தெட்டு.
பிறந்து ஆறு நாளான பெண்ணைத் தோளில் போட்டு வந்தாள்.
"என் பெயர் மட்டும்."
தகப்பன் பௌதாஸ்ஸோ பக்கத்தில் நின்று தலையாட்டினான்.
"எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், பரவாயில்லை."
சட்டம் இப்போது இடம் தருகிறது.
எழுதினேன், மெதுவாக, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே.
முத்திரை ஈரம் காயுமுன்
சவோனாவிலிருந்து தாள் வந்தது:
ஆல்செஸ்தே, நேற்றிரவு, தூக்கத்தில்.

ஆக, ஆறு நாள்
ஐந்து பேராக இருந்திருக்கிறார்கள்.
ஐவரில் ஒருவருக்கும் தெரியாது.
அட்டவணை முப்பத்தொன்றாம் தேதிக்குத்தான் எண்ணும்.

"இப்போ எத்தனை பேர் நாங்கள்?" என்றாள்.
ஒரு கோட்டை எப்படி உச்சரிப்பது?
இருமினேன். பேனாவை மூடினேன்.

வெளியே போனவள் படியில் வழுக்கி
கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.
அவளுக்குப் பதிலாள் புதியவன்,
எங்கே தூவவேண்டும் என்று அறியாதவன்.
திரும்பி, பாதி திறந்த கதவு வழியே
எனக்குக் கேட்கும்படி கத்தினாள்,
வாசலில், குழந்தையோடு:

இங்கே உப்பில்லை.