எட்டு சதவீதம்

புந்தா அரேனாஸில் இரவு ஒன்பது மணிக்கே
அடுத்த நாள் பிறந்துவிடும்,
ஆட்டத்துக்குள்.
வெளியே அதே வியாழன்தான். அதே காற்று.
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
போர்வெனிர் போகும் படகு
கட்டிய கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறது.
பதினோரு லாரிகள் வரிசையில்.
டிக்கெட் கூண்டுக்குள் நான், ஒரு ஹீட்டர்,
போனில் நாற்பத்தாறு சதவீத சார்ஜ்.

பன்னிரண்டு நாளாக ஒரு ஸ்பீட்அப்பைக்கூடத் தொடவில்லை.
ஐந்து நிமிடத் துண்டு, ஒரு மணி நேரத் துண்டு,
உண்டியலில் சில்லறை சேர்ப்பதுபோல...
இல்லை, அப்படி இல்லை.
சில்லறை கண்ணில் பட்டால் செலவாகிவிடும்.
இவை தினமும் கண்ணில் பட்டன.

கோதுமை மூட்டைகளையும் பிரிக்கவில்லை.
பிரித்துக் கிடங்கில் கொட்டினால்
நான் தூங்கும் நேரம் பார்த்து
எவனோ வந்து அள்ளிப்போவான்.
பிரிக்காத மூட்டையை யாராலும் தொட முடியாது.
இந்த ஒன்றைக் கற்பதற்குள்
இரண்டு முறை என் கோட்டை எரிந்தது.

ஈவென்டின் மூன்றாம் நாள்: படை திரட்டினால் புள்ளி.
நேற்றே பயிற்சிக்கு அனுப்பிய ஈட்டிக்காரர்கள்
மத்தியானமே தயார்.
கூப்பிடவில்லை.
முற்றத்திலேயே நிற்கட்டும், ஒன்பது அடிக்கட்டும்.
அடித்தது. ஒரே தட்டு.
முதல் பெட்டி, இரண்டு, மூன்று திறந்தன.
ஐந்தாவதோடு நிறுத்திக்கொள்வேன்.
அதற்கு மேலே முதல் பத்து இடம்;
அங்கே பணக்காரர்கள்
ஒருவரையொருவர் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

பதினொன்றரைக்குக் கண்ணாடியில் தட்டல்.
ஆவுரேலியோ மான்சில்லா. வரிசையில் நாலாவது லாரி,
அக்கரையில் நண்டு ஏற்றப் போகிறவன்,
எங்கள் கூட்டணிக்காரன்.
முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தவன்.
கட்டடத்துக்குப் புள்ளி தரும் நாளில்
குதிரைப்படை திரட்டினான்.
புள்ளி பூஜ்யம். குதிரை நாலாயிரம்.
அவை இப்போது பட்டினி.
"நிவியா, கோதுமை" என்றான்.
மிச்சம் என்ன சொன்னானோ, காற்று கொண்டுபோயிற்று.

ஸ்பீட்அப்பை இன்னொருவருக்குத் தர வழியில்லை.
கோதுமையை அனுப்பலாம்:
கழுதை வண்டி, எட்டு சதவீத வரி.
மூட்டைகளைப் பிரித்தேன். இருபது லட்சம்.
ஒரு லட்சத்து அறுபதாயிரம்
யார் வயிற்றுக்கும் போகாமல்
வழியிலேயே இல்லாமல் போனது.

நான்காவது பெட்டி திறந்தது.
ஐந்தாவதுக்கு முந்நூற்று நாற்பது புள்ளி குறைந்தது.
வயல் விளைந்து ஈடுகட்ட ஞாயிறு ஆகும்.
அந்த நொடி பார்த்துத் திரையில் மின்னியது
தங்கநிற மூட்டை ஒன்று:
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேசோ,
இன்னும் ஐம்பத்தெட்டு நிமிடம் மட்டும்.
என் முகம் அதற்குத் தெரிகிறதோ என்னவோ.
கணக்குப் போட்டேன்.
என் மகனுக்குப் பூட்ஸ் வாங்கினால்
அதில் ஒரு கால்.
கணக்கு முடிந்த பிறகும்
விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு மூடினேன்.

காற்றுக்கு ஸ்பீட்அப் கிடையாது.
மூன்று ஐம்பதுக்கு, தனக்குத் தோன்றியபோது,
அடங்கியது.
படகு ஒருமுறை ஊதியது. லாரிகள் ஒவ்வொன்றாக உறுமின.

லாரிக்கு முதலாளி கணக்கு,
ஓட்டுநர் தலைக்கு ரொக்கம்.
ஆவுரேலியோ சட்டைப்பை, கால்சட்டைப்பை,
டாஷ்போர்டு எல்லாம் துழாவி எண்ணி வைத்தான்.
ஆயிரத்து இருநூறு குறைவு.
"அந்தத் தங்க மூட்டையை வாங்கித் தொலைத்தாயா?"
கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.
"குதிரைகள் ரொம்ப இளைத்திருந்தன."

என் பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டேன்.
இங்கே ஆறில்லை, நீரிணைதான்.
ஆனாலும் அளந்துதான் போட்டேன்.
பாக்கி நோட்டில் எழுதினேன், அவன் பார்க்கும்படியே:
மான்சில்லா, ஆயிரத்து இருநூறு.
வரி, தொண்ணூற்றாறு.