எண்பத்து மூன்றாம் பல்

தொண்ணூறு பற்கள் மருந்துத் தண்ணீரில் கிடந்தன,
ஹாஸ்டலில் காலியான ஊறுகாய் பாட்டிலில்.
மூடியில் இன்னும் மாவடு வாசனை.
கிளிப் போடப் பிடுங்கியவை சில,
ஆட்டங்கண்டு தாமே கையோடு வந்தவை சில.
எது யாருடையதென்று குறித்துவைக்கவில்லை.

நானும் லவீனாவும் அவற்றை
இரண்டிரண்டாகச் சாந்தில் நட்டோம்,
வாயில் நின்றதுபோலவே தோள் இடிக்க.
சொத்தை தொடங்குவது அந்த இடிபாட்டுக்குச் சற்றுக் கீழே,
நம் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒட்டும் இடத்தில்
ஓதம் ஏறுவதுபோல்.
இந்த வீட்டிலிருந்தும் தெரியாது,
அந்த வீட்டிலிருந்தும்.

முதலில் வெறும் கண்.
பிறகு எக்ஸ்ரே.
பிறகு அறையை இருட்டாக்கிவிட்டு
பல்லின் முதுகில் வைத்த ஒளிநார்:
எனாமல் மெல்ல விடியும்,
கெட்ட இடம் மட்டும் விடியாமல் நிற்கும்.
ஒருத்தி எழுதியதை மற்றவள் பார்க்கக்கூடாது.
பத்து நாள் கழித்து
அதே பற்களை அதே நான் மறுபடி பார்த்தேன்.
பன்னிரண்டு இடங்களில்
எனக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

கடைசியில் வைர ரம்பம்.
தண்ணீர் சொட்டச் சொட்ட
நகத்தின் தடிமனுக்கு நறுக்கி
நுண்ணோக்கியில் வைத்தால், அங்கே வாதம் இல்லை.
உண்மை தெரியும்போது பல் இருக்காது.

சொத்தை இருபத்தொன்பது.
கண் ஆறைப் பிடித்திருந்தது, எக்ஸ்ரே பதின்மூன்றை.
ஒளி பதினைந்தை,
கூடவே ஒன்பது நல்ல பற்களின் மேல் பழியும் போட்டிருந்தது.
ஏழு பற்கள் மூன்று பேரையும் ஏமாற்றியிருந்தன:
வெளியே முத்து,
உள்ளே டென்டின் வரைக்கும் பழுப்பு.
லவீனா அந்த ஏழுக்காக வருந்தினாள்.
நான் எண்பத்து மூன்றிலேயே நின்றேன்.

படத்தில் கழுத்தோரம் ஒரு கறுப்பு.
"உண்டு" என்று எழுதியிருக்கிறேன், இரண்டு முறையும்.
அறுத்தால் தேங்காய்ப் பத்தை.
பல் அங்கே மெலிந்திருக்கும்,
கதிர் கொஞ்சம் அதிகமாக ஊடுருவிவிடும்,
அவ்வளவுதான். இல்லாத ஒன்றின் நிழல்.

அந்த நிழலை எனக்கு ஏற்கெனவே தெரியும்.
போன மார்ச், ஒன்பதாம் நாற்காலி,
சென்னபசப்பா, பஸ் கண்டக்டர், யஷ்வந்தபுரம் டிப்போ.
கீழ் வரிசை, இடப்பக்கம்.
துளைக்கத் துளைக்க வெள்ளையாகவே வந்தது.
இதோ வரும், இதோ வரும் என்று
இன்னும் அரை மில்லி இறங்கினேன்.
வரவில்லை.
அடைத்தேன்.
பதிவேட்டில் "சொத்தை அகற்றப்பட்டது."
எழுதும்போது பேனா எங்கும் தயங்கவில்லை.

"ஹல்லு உளிசித்ரி" என்றார் எழுந்து.
நம் பல்தான், அவர் வாயில் காற்றேறி ஹல்லு.
உளிசித்ரி என்றால் காப்பாற்றினீர்கள்.
என் காதில் உளி மட்டும் விழுந்தது.

இன்று மாலை மெஜஸ்டிக் போகும் பஸ்ஸில் அவரேதான்.
பெண்களுக்கான சுழி ரூபாய்ச் சீட்டைக் கிழித்துத் தந்துவிட்டு
விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினார்,
கம்பியைப் பிடித்து நின்ற எல்லோர் முன்னாலும்,
என் அடைப்பை.
கல் மாதிரி இருக்கிறதாம். பொரிகடலை கூடக் கடிக்கிறாராம்.
என் பையில், கண்ணாடித் தகட்டில்,
எண்பத்து மூன்றின் நறுக்கு.
நவரங் சிக்னலில் பஸ் நெடுநேரம் நின்றது.
சொல்வதற்குப் போதுமான நேரம்தான்.
"ராத்திரி இடுக்கில் நூல் விடுங்க" என்றேன்.

எக்ஸ்ரே வீணாகப் பழி சொன்னவை
எங்கள் அட்டவணையில் ஐந்து.
ஆறு என்று திருத்த முடியாது.
ஆறாவது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு,
டிக்கெட் டிக்கெட் என்று
பின்வாசல் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.