பூஜ்யத்தாள்

புளியரை மலைவளைவு இறங்கியதும் எடைமேடை.
ராத்திரி ஷிஃப்டில் தூங்காமலிருக்கத்தான்
கைப்பேசியில் தொடர்கதை எழுதினேன்.
பதினேழாம் அத்தியாயத்துக்குச் சரக்கில்லை.
கொட்டுகிற மழையில் ஒருத்தியை மேடையேற்றினேன்.
திரை பூஜ்யம் காட்டியது.
தொடரும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அவள் பெயர் மரியபுஷ்பம்.
ரேஷன் அரிசி கடத்துகிறவர்களுக்குக் கணக்கெழுதினாள்.
இருபத்திரண்டில் செத்தும் போனாள்.

இப்போது மைல்கல்லில் மஞ்சள் அப்பியிருக்கிறது.
பாரம் மிஞ்சிய எம்சாண்ட் வண்டிகள்
எலுமிச்சை நசுக்கிவிட்டு மேடைக்கு வருகின்றன.
பூஜ்யத்தாள் பார்த்துக்குவா.

அவளைக் கொன்றவன் நான்தான் என்றேன்
புனலூர் டிரைவர் சசாங்கனிடம்.
சிரித்தான். அந்த அத்தியாயம்
யாரோ கள்ளத்தனமாகச் சேர்த்ததாம்.
செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசு என்றான்.

போன வெள்ளி, மூன்று மணி இருக்கும்,
ஆரியங்காவுப் பக்கத்துக்காரி ஒருத்தி
ஆட்டோவில் வந்தாள்.
மஸ்கட்டிலிருந்து ஆளில்லாமல் திரும்பிய சூட்கேஸ்,
கயிறுகூட அவிழ்க்கவில்லை.
மேடை நடுவில் வைத்துவிட்டு
விலகி நின்றாள்.

பூஜ்யம்.

கண்டோ, என்றாள், என்னிடமில்லை.

இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்கு எதுவும் தெரியாது.
சொல்ல வாயெடுத்தேன்.
ரசீது கேட்டாள்.
மொத்த எடை என்ற இடத்தில் ஒரு வட்டம்,
அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
சூட்கேஸை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போனாள்,
வரும்போது இரண்டு கையாலும் இழுத்து வந்தவள்.

பின்னால் வைக்கோல் லாரி ஹாரன்.
நாற்பது ரூபாயை
வாங்கித்தான் வைத்திருக்கிறேன்.