வாசல் பணி

கோட்டைக் கழற்றச் சொன்னாள் டெர்வ்லா.
மடிப்பில் மாவு இருக்கலாமாம்.
பேக்கரிக்காரன் பெண்டாட்டிக்கு
வேறென்ன இருக்கும் மடிப்பில்?

ஸ்லைகோ மழை.
க்ளூட்டன் இல்லாத உணவுச் சந்தை,
பள்ளிக்கூட ஹாலில்.
கார்டிகனோடு நடுங்கியபடி
கோதுமை நுழையாமல் காவல் நின்றேன்.
பிடிபட்டவை: ஒரு சாண்ட்விச், இரண்டு பிஸ்கட்,
பாதிரியார் பையிலிருந்து ஒரு பன்.

ஒன்பது வயது ஓயின்
மேசைக்கு மேசை கேட்டான்:
"இதை நான் சாப்பிடலாமா?"
சாப்பிடு. சாப்பிடு.
ஐந்தாம் மேசையில்
வாய் நிறைய இருந்தது,
கேட்க முடியவில்லை.

இரவு
முழங்கைவரை வெள்ளையாய் வந்தான் ஃபின்டன்,
கக்கத்தில் விற்காத ரொட்டி.
"கையைக் கழுவு" என்றேன்,
இருபது வருஷத்தில் முதல் தடவையாக.
பிறகு
பாதி ரொட்டியை நானே தின்றேன்,
ஒரு துகள் சிந்தாமல்.