அடமானத்தில் சேராதது

கொண்டை ஊசி வளைவுகளைப்
பதினொன்றுவரை எண்ணினேன்,
பிறகு வாந்தி முந்திக்கொண்டது.
வேலப்ப மன்னாடி தோட்டத்துக்கு மதிப்புப் போட வேண்டும்.
காப்பி நான்கு ஏக்கர்,
மிளகுக் கொடி ஏறிய சவுக்கு மரங்கள்,
ஓட்டு வீடு, தண்ணீர்த் தொட்டி.
வங்கிப் படிவத்தில்
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு.

பலா மரம் தாண்டி மேட்டில்
இது நின்றது.
பலகைக்கல் சுவர்கள், மேலே ஒரே கல்லில் கூரை.
கிழக்குச் சுவரில் வட்டமாய் ஒரு துளை,
என் தலை நுழையும்
தோள் நுழையாது.

"குள்ளர் வீடுங்க" என்றார் மன்னாடி,
அடுத்த வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.
"முழங்கால் ஒசரந்தான் இருப்பாங்களாம்.
இந்தக் கல்ல அவங்கதான் தூக்கி வச்சாங்களாம்."
கொஞ்சம் நின்று,
"கணக்கு இடிக்குதுல்ல?"
அவரே சிரித்தார்.

நாடாவை எடுத்துவிட்டேன். பழக்கம்.
கூரைக்கல் எட்டடி இரண்டங்குலம்.
கனம் ஒரு சாண்.
மறுமுனையைப் பிடித்திருந்த டிரைவர் ஜெரால்டு கேட்டான்:
"மேடம், இதுக்கு லோன் குடுப்பாங்களா?"

பதிலுக்குள் மழை வந்துவிட்டது.
ஒரு பக்கக் கல் சாய்ந்து விட்டிருந்த சந்தில்
குனிந்து நுழைந்தோம்.
மூன்று பேர், ஆறு முழங்கால்.
ஆட்டுப் புழுக்கை, பீடித் துண்டு,
உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாய்
விரலளவு ஒரு பானை ஓடு.

ஒழுகவில்லை.
திண்டுக்கல்லில் நான் குடியிருக்கும் அடுக்ககம்
கட்டி ஆறு வருஷம்.
மதிப்புச் சான்றிதழில் கையெழுத்து என்னுடையதுதான்.
ஹாலில் இந்நேரம் வாளி நிரம்பியிருக்கும்.

இருட்டு பேச வைக்கும்போல.
"பணம் மிளகுக்கில்லீங்க" என்றார் மன்னாடி,
என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்து.
"தம்பி வாங்குன கடன்.
அவன் போயி ஒம்போது மாசம்.
அது நிக்குது."
ஜெரால்டு செல்போன் விளக்கை அணைத்தான்.

இங்கே கிடத்தப்பட்டவருக்கும்
யாரோ அண்ணன் இருந்திருப்பார்.
பாறையைப் பிளக்க எத்தனை நாள்,
மேட்டுக்கு இழுக்க எத்தனை தோள்,
அத்தனை பேருக்கும் கூழ் ஊற்றியது யார்,
அந்தத் தானியம் யாரிடம் கடன்?
பெயர் இல்லை. பட்டா இல்லை.
துளை வழியே மஞ்சு உள்ளே வந்து
காலியாயிருந்த மூலையில் உட்கார்ந்தது.
யாரும் நகரவில்லை.

மழை விட்டதும்
மன்னாடி பானை ஓட்டை
எடுத்த இடத்திலேயே வைத்தார்,
அதே பக்கம் மேலே தெரிகிறதா என்று பார்த்து.

அலுவலகத்தில்
'கட்டடத்தின் வயது' என்ற கட்டம்
இரண்டு இலக்கத்துக்கு மேல் ஏற்காது.
வரைபடத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டுப்
பாறை என்று எழுதினேன்.
"பரப்புல கழிச்சாச்சா?" என்றார் மேலாளர்.
கழித்துவிட்டேன் சார்.
கடனின் நோக்கம்: மிளகு.

அடுத்த வாரம்
நிலக்கோட்டையில் ஒரு புது மாடி வீடு.
நாடாவை இழுத்தபோது
எட்டடி இரண்டங்குலத்தில்
செம்மண் ஒட்டியிருந்தது.
வீட்டுக்காரர் துடைக்கத் துணி நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்,
கையைத் துடைத்துக்கொண்டேன்.