ஆறு மணி அளவு

பொங்கல் முடிந்து இரண்டு வாரத்தில் மேட்டூரை மூடிவிடுவார்கள்.
பத்து நாளில் கோரையாறு மணலாகிவிடும்.
அதற்குப் பிறகும்
எனக்குக் காலை ஆறு மணிக்கு வேலை இருக்கிறது.

சட்ரஸின் கிழக்குத் தூணில்
வெள்ளையும் கறுப்புமாய்க் கோடு போட்ட அளவுப் பலகை.
அதன் முன் நின்று
இல்லாத தண்ணீரை அளந்து
பதிவேட்டில் 0.00 என்று எழுதுகிறேன்.
நீடாமங்கலம் ஆபீசுக்கு அதையே செல்போனில் அனுப்புகிறேன்.
யாரோ ஒருவர் கட்டைவிரல் படம் போடுகிறார்.

மாசி பூஜ்யம். பங்குனி பூஜ்யம்.
அக்கினி நட்சத்திரம் பலகையின் சாயத்தை
உரித்தபோதும் பூஜ்யம்.

போன வருஷம் புதிதாய் வந்த ஜேஇ நல்ல பையன்.
"ஏங்க்கா, வறண்ட ஆத்தப் பாக்க
மூணு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கணுமா,
வீட்லேர்ந்தே போட்டு வுடுங்க" என்றான்.
அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.
மறுநாள் உலை கொதிக்கும்போதே போட்டுவிட்டேன்.
ஒரு மணி நேரம் மிச்சமானது.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்
ஏற்கெனவே தேய்த்த குண்டானைத் தேய்த்தேன்.

சாயங்காலம் ஆடு ஓட்டிவந்த ரெஜினா சொன்னாள்:
"ராத்திரி மேக்க கோடை மழ போலருக்கு.
விடியக்காலம் சட்ரஸ்கிட்ட முழங்கால் தண்ணி.
ஆடெல்லாம் குடிச்சுது.
பத்து மணிக்குள்ள மிச்சத்த மணல் குடிச்சிருச்சு."

அந்த நாள் என் பதிவேட்டில் பூஜ்யம்.
முன்னும் பின்னும் நூற்றுச் சொச்சம் பூஜ்யங்களில்
அது எது என்று
எந்தத் தணிக்கையும் கண்டுபிடிக்காது.
என் கண் மட்டும் நேராய் அங்கேதான் போகிறது,
சோற்றில் கிடக்கும் கல்லை
நாக்கு கண்டுகொள்வதுபோல.

இது குணாளனின் வேலை.
அவர் செத்த பிறகு எனக்கு வந்தது.
கருணை அடிப்படையில் என்று ஆணையில் அடித்திருந்தது;
யார் யார்மேல் காட்டிய கருணை என்று அதில் இல்லை.

அவருடைய பழைய பதிவேடுகளைப் புரட்டினேன்.
அவர் போடும் பூஜ்யம் தலை மூடாது,
வாய் திறந்த கெளுத்தி மாதிரி இருக்கும்.
தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் அவர் கிடந்த
பதினோரு நாளுக்கும் பூஜ்யம் இருந்தது.
ஒரே மை, ஒரே சாய்வு,
ஒரே மூச்சில் போட்டது.
பொய்தான்.
ஆனாலும் கோபம் வரவில்லை.
அந்தத் தடவை பிழைத்து வந்து
பேனாவைத் திறந்திருக்கிறார் என்று
அந்த வரிசையை விரலால் தடவினேன்.
என்னுடைய ஒன்றை மட்டும்
அப்படித் தடவ முடியவில்லை.

மகள் கல்லூரிப் படிவத்தில்
தாயின் தொழில் என்ற இடத்தில்
அரசுப் பணி என்று எழுதினாள்.
என்ன பணின்னு கேட்டா?
தண்ணி பாக்குறது, என்றேன்.
தண்ணி இல்லாதப்ப?
அப்பவும்.
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
அதற்குமேல் என்னிடம் பதிலும் இல்லை.

ஜூன் பன்னிரண்டுக்குப் பிறகு ஒருநாள்
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்பும் முன்னால் வர
தண்ணீர் வந்துவிடும்.
பாலத்தில் கூட்டமாய் நின்று நெல்லும் பூவும் போடுவார்கள்.
சின்னப் பிள்ளைகள்கூடப் பலகையை உரக்கப் படிக்கும்.
அன்றைக்கு நான் இல்லாவிட்டாலும் நடக்கும்.

இன்று வைகாசி ஏழு.
சைக்கிளைத் தூணில் சாத்திவிட்டு இறங்கினேன்.
மணலில் நேற்றைய என் கால்தடம்,
குறுக்கே ஏதோ பறவை நடந்து போயிருக்கிறது.
ஷட்டரடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கசிவு.
குனிந்து தொட்டுப் பார்த்தேன்.
பலகையில் ஏறாத ஈரம் கணக்கில் வராது.
0.00 என்று எழுதினேன்.

பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம்.
குணாளன் காலத்திலிருந்து காலியாகவே வருகிறது.
அதில் 'ஈரம்' என்று எழுதிவிட்டு
மணி பார்த்தேன்.
ஆறு நாலு.