பதினாலாம் நம்பர்

குட்டியானையில் படுத்தபடி வந்தது வண்டி.
இறக்குவதற்கு முன்னாலேயே
என் கை தானாகக் கியரைத் தொட்டுப் பார்த்தது.
நியூட்ரல்.
சாவியும் அணைந்தே இருந்தது.

பின்சக்கரத்தைக் கழற்றினேன்.
டிரம்மில் நீலம் பாய்ந்திருந்தது,
தொட்டால் உதிர்கிற கரியாக லைனிங்.
தனபால் அண்ணன் டேங்க் மூடியைத் திறந்து
வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.
உள்ளே சத்தமே இல்லை.
மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஏற்காடு ஏறத்தான் பெட்ரோல் போடுவார்கள்.
இறங்குவதற்கு மலையே போதும்.
இருபதாவது வளைவில் இன்ஜினை அணைத்து உருட்டிவிட்டால்
கீழே, கோரிமேட்டுப் பக்கம்,
எவன் வண்டி கடைசியாக நிற்கிறதோ அவன் ஜெயித்தான்.
பஞ்சு விடறது என்று அதற்குப் பேர்.
காய் வெடித்து இலவம்பஞ்சு இறங்குகிற மாதிரி,
சத்தமே வராமல்.

எனக்கு எப்படித் தெரியும் என்று
யாரும் கேட்கவில்லை.

ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர்.
அடிவாரத்தில் போர்டே இருக்கிறது,
பாதிக்கு மேல் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கும்.

ஏழாவது வளைவில் மேலேறிக்கொண்டிருந்த பஸ் டிரைவர்
ஸ்டேஷனில் இப்படிச் சொன்னாராம்:
"ஹாரன் இல்லைங்க, லைட் இல்லைங்க.
பனிக்குள்ள இருந்து ஒரு மஞ்சச் சட்டை மட்டும் வந்துச்சு."

மெர்வின். பன்னிரண்டாம் வகுப்பு.
சாவியை அணைத்தால் ஹாரனும் செத்துவிடும் என்று
அவனுக்குத் தெரிந்துதான் இருக்கும்.
பதினேழு வயதில் தெரிவது வேறு,
வளைவில் ஞாபகம் வருவது வேறு.
அவனைவிட எனக்குப் பதினோரு மாதம்தான் கூடுதல்.
என்னிடமும் லைசென்ஸ் கிடையாது.
பிரேக் டெஸ்ட் பார்க்கிறேன் என்று சொல்லித்தான்
கஸ்டமர் வண்டியை எடுத்துக்கொண்டு போவேன்.

சித்திரையில் வந்திருந்தான்.
"கண்ணாடி ரெண்டையும் எடுத்துடு, கொம்பு மாதிரி நிக்குது."
எடுத்தேன்.
பதினாலாம் நம்பர் ஸ்பேனர், ஆளுக்கு இரண்டு திருகல்.
காசு வாங்கவில்லை.
மொட்டையாக நின்ற அந்த வண்டி
எனக்கும் அழகாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் அவன் அக்கா வந்தாள், ஜெனிட்டா,
ஜி.எச். சீட்டு ஒன்றோடு.
தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம்,
எது வேண்டுமானாலும் எழுதித்தான் கேட்கிறானாம்.
சீட்டின் பின்பக்கம், சாய்ந்து சாய்ந்து விழும் எழுத்தில்:
அடிவாரம் கடையில் என் கண்ணாடி இருக்கும். வாங்கி வா.

"எதுக்காம் அக்கா?"
"தெரியல. வண்டி இனிமே வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு
அப்பா சொல்லிட்டாரு."

ஆயில் வந்த அட்டைப்பெட்டியைத் தார்ப்பாயில் கவிழ்த்தேன்.
முப்பத்தொன்று.
அந்த ஜோடியில்லாத ஒன்று யாருடையது என்று
அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சேர்வராயன் மலை துண்டு துண்டாகக் கிடந்தது.
ஒன்றில் மேகம்.
ஒன்றில் வளைவு ஏறுகிற பஸ்ஸின் முதுகு.
ஒன்றில் ஜெனிட்டாவின் நெற்றி.
குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்,
தம்பியின் முகம் எதிலாவது
ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது போல.

எது அவனுடையது என்று எனக்குத் தெரியவில்லை.
கீறல் விழாத ஜோடி ஒன்றை
வேஸ்ட் துணியில் துடைத்துக் கொடுத்தேன்.
"இதுதானா?"
"இதுதான் அக்கா."
இரண்டையும் கண்ணாடிப் பக்கம் உள்ளே வைத்து
துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு
டவுன் பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை இன்னொருவன் வந்தான்,
பூஜை போட்ட மாலை வாடாத வண்டி,
சக்கரத்தில் எலுமிச்சை நசுங்கிய ஈரம்.
"கண்ணாடி கழட்டணும் ப்ரோ."

பதினாலாம் நம்பர் காணோம் என்றேன்.
அது என் பேன்ட் பாக்கெட்டில்
தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.

சரி என்று கிளம்பிவிட்டான்.
எதிர்க்கடையில்
ஆளுக்கு இரண்டு திருகல்தான்.
நான் கையைத் துடைத்துக்கொண்டே
பார்த்துக்கொண்டிருந்தேன்.